அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. அவன் வகுப்பில் பல இனங்களைச் சேர்ந்த குழந்தைகள் படிக்கிறார்கள். சென்ற மாதம் ஓவிய வகுப்பு முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற சிறுமியிடம், "உன் கை மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது? சோப்புப் போட்டால் போகாதா?" என்று கேட்டிருக்கிறான். அவள் அழுதுவிட்டாளாம். அன்று மாலையே பள்ளியில் என்னை அழைத்து, அவன் இனவெறிச் சொல் பேசியதாக எழுதிய படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவனை மன்னிப்பும் கேட்க வைத்திருக்கிறார்கள். இப்போது அவன் அந்தச் சிறுமியின் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்; "அவளிடம் பேசினால் மிஸ் திட்டுவார்" என்கிறான். ஒன்றும் அறியாத குழந்தைக்கு இப்படி முத்திரை குத்தலாமா? நான் பள்ளியிடம் சண்டை போடுவதா, பேசாமல் இருந்துவிடுவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் படிவமும் கையெழுத்தும் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது புரிகிறது. ஆனால் அதைவிட என்னை அதிகமாக உறுத்தியது, "அவளிடம் பேசினால் மிஸ் திட்டுவார்" என்று உங்கள் மகன் சொன்னதாக நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிதான். குழாயடியில் அவன் கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பள்ளியில் யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் வீட்டிலும் இதுவரை சொன்னதாகத் தெரியவில்லை. பதில் கிடைக்காத குழந்தை, தன்னைச் சுற்றி நடந்ததை வைத்துத் தானே ஒரு பதிலைக் கட்டிக்கொண்டுவிட்டது: கறுப்பாக இருப்பவர்களிடம் பேசினால் வம்பு. எதைத் தடுப்பதற்காக அந்தப் படிவத்தை அச்சிட்டார்களோ, அதையே அது வளர்த்துவிட்டது.

பள்ளியைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் மகனுக்கு அது அந்த நிமிடத்தில் தோன்றிய கேள்வி. அவள் அதை எத்தனையாவது முறையாகக் கேட்கிறாள் என்பது நமக்குத் தெரியாது. கறுப்பையும் அழுக்கையும் சேர்த்து முடிச்சுப் போடும் பேச்சு மிகப் பழையது, அது குழந்தைகளை விட்டுவைப்பதுமில்லை. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை, எது பார்க்க நன்றாக இல்லை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். "உன்னைப் போல் இருப்பது எது?" என்று பிறகு கேட்டபோது, சிலர் அழுதுகொண்டே அறையை விட்டு வெளியே ஓடியதாகக் கென்னத் கிளார்க் பதிவு செய்திருக்கிறார். அப்படி அழுத குழந்தைகளிடம் அந்த அறையில் யாரும் ஒரு கெட்ட சொல்லைக்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஆகவே உங்கள் மகன் அறியாமல் கேட்டான் என்பதும் உண்மை, அவளுக்கு வலித்தது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க முடியாது.

பள்ளிகள் இவற்றை எழுதி வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1993இல் லண்டனில் ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையைக் காவல்துறை விசாரித்த விதம் பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி, சர் வில்லியம் மெக்பர்சன் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1999இல் அறிக்கை அளித்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறி என்று உணரும் எந்த நிகழ்வும் இனவெறி நிகழ்வாகக் கொள்ளப்பட வேண்டும் என்று அது வரையறுத்தது. பள்ளிகளும் அத்தகைய நிகழ்வுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. "விளையாட்டுக்குச் சொன்னான், விடு" என்று புகார்கள் கைகழுவப்பட்ட காலத்துக்கு அது ஒரு மறுமொழி. ஒரே சிறுமியிடம் பத்துக் குழந்தைகள் பத்து நாட்களில் இதே கேள்வியைக் கேட்டால், அதைக் காட்டிக்கொடுப்பது அந்தக் குறிப்பேடு ஒன்றுதான். ஆனால் ஒரு நிகழ்வைக் கவனித்து விசாரிக்கத் தொடங்குவதற்குத்தான் இத்தகைய வரையறை உதவும். பேசியவரின் மனத்தில் வெறுப்பு இருந்ததா என்ற தீர்ப்பை அது தந்துவிடாது. உங்கள் மகனின் பள்ளி தவறியது இந்த இடத்தில்தான். நடந்ததை எழுதுவதற்குப் பதிலாக, அவன் பேசியது எந்த வகை என்ற முடிவை எழுதிவிட்டது.

ஐந்து வயதில் ஒரு குழந்தைக்கு நிறம் நன்றாகவே தெரியும். ஆனால் தோலின் நிறம் கழுவினால் போகாது, வளர்ந்தால் மாறாது என்பது இந்த வயதில் பலருக்கு உறுதியாகப் பிடிபட்டிருக்காது. அப்போதுதான் கையிலிருந்து வண்ணம் கரைந்து தண்ணீரோடு ஓடியதைப் பார்த்தவன், பக்கத்துக் கையிலும் அது ஓடும் என்று எதிர்பார்த்திருக்கிறான். அவனளவில் அது சரியான யோசனைதான்! அவனிடம் வாங்கிய மன்னிப்பு, எதற்கென்றே தெரியாமல் ஒப்பித்த மூன்று சொற்கள்.

இப்படி வாயடைக்கப்பட்ட குழந்தைகள் என்ன ஆகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2008இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், குழந்தைகள் முன் பல மனிதர்களின் புகைப்படங்களைப் பரப்பி, ஆய்வாளர் மனத்தில் நினைத்திருக்கும் ஒருவரை, ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளை முடிந்தவரை குறைவாகக் கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். படத்திலிருப்பவர் கறுப்பினத்தவரா என்று கேட்டால் ஒரே கேள்வியில் பாதிப் படங்களை ஒதுக்கிவிடலாம். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் தயங்காமல் அதைக் கேட்டார்கள். பத்து, பதினொரு வயதினர் அந்தக் கேள்வியைத் தவிர்த்துச் சுற்றிவளைத்ததால், தங்களைவிடச் சிறியவர்களிடம் தோற்றார்கள். நிறத்துக்கு வேலையில்லாத படங்களை வைத்து விளையாடியபோது அந்தப் பத்து, பதினொரு வயதினர்தான் ஜெயித்தார்கள். நிறம் கண்ணில் படுவது நிற்கவில்லை, அதை வாயால் சொல்லும் துணிவு மட்டும் போயிருக்கிறது. உங்கள் மகன் ஐந்து வயதிலேயே அந்தப் பாடத்தைத் தொடங்கிவிட்டான்.

முதலில் அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். "எல்லோருடைய தோலிலும் மெலனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது, அது சிலருக்கு அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் இருக்கும், அது வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது, அழுக்கு இல்லை, அதனால் கழுவினால் போகாது" என்று சொன்னால் அவனுக்குப் புரியும். உங்கள் கையை அவன் கையோடு சேர்த்து வைத்து, ஒரே வீட்டில்கூட எத்தனை நிறம் இருக்கிறது என்று காட்டுங்கள். அவள் ஏன் அழுதாள் என்பதை அதன் பிறகு சொல்லுங்கள்: "உன் கை அழுக்கு என்று நீ சொல்வதாக அவள் நினைத்துவிட்டாள்." அப்போது அவன் கேட்கும் மன்னிப்புக்கு ஒரு பொருள் இருக்கும்.

அதோடு, சற்றுக் கசப்பான கேள்வி ஒன்றையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். "வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய்" என்று அவன் காதுபட வீட்டில் யாராவது சொல்வதுண்டா? யாரையும் தாழ்த்த நினைக்காத குடும்பங்களிலும் இந்த வாக்கியம் தாராளமாகப் புழங்குகிறது. வண்ணப் பென்சில் பெட்டியில் ஒரு வெளிர் நிறத்தை மட்டும் எடுத்து "தோல் நிறம்" என்று சொல்லிக்கொடுப்பதும் இந்த வகைதான். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் அந்தப் பெயரை 1962லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வாய் இன்னும் மாற்றவில்லை.

இனி பள்ளி விஷயம். சண்டையும் வேண்டாம், பேசாமல் இருக்கவும் வேண்டாம். வகுப்பு ஆசிரியையிடம் நேரம் கேட்டு, அந்தப் படிவத்தின் நகலை வாங்குங்கள். அதில் அவன் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருக்கின்றனவா, அவன் வயதும் ஓவிய வகுப்பு முடிந்த சூழலும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் குறிப்பை எழுத்தில் கொடுத்து அதோடு இணைக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவு எத்தனை காலம் இருக்கும், அடுத்த வகுப்புக்கும் அடுத்த பள்ளிக்கும் போகுமா என்பதையும் கேளுங்கள். பதிவையே அழிக்கச் சொல்லாதீர்கள். அது உங்கள் மகனைப் பற்றிய குறிப்பு மட்டுமன்று, அந்தச் சிறுமி அழுததற்கான சாட்சியும் அதுதான். அவளுக்குப் பள்ளி என்ன செய்தது என்று நீங்களே கேட்டுவிட்டால், பேச்சின் தொனியே மாறிவிடும். தோல் நிறம் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பு முழுவதற்கும் ஒருநாள் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பல ஆசிரியர்கள் படிவத்தை நாடுவது கல்நெஞ்சத்தால் அல்ல, அந்த நொடியில் என்ன சொல்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தராததால்தான்.

சிறுமியின் அம்மாவைப் பள்ளி வாசலில் பார்த்தால், ஒதுங்கிப் போகாமல் அருகில் போய் அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். உங்கள் மகன் ஒன்றும் அறியாதவன் என்ற விளக்கத்தை அன்றைக்குச் சொல்ல வேண்டாம். அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். மகனையும் உடன் அழைத்துப் போங்கள். அவளிடம் போய்ப் பேசு என்று அவனைத் தள்ள வேண்டாம். நீங்கள் அவளுடைய அம்மாவிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதை, மிஸ் பார்த்தும் திட்டாமல் போவதை, அவன் நின்று பார்க்கட்டும்.