வாசகர் கேள்வி – பதில்: மின்சாரம் போய்வந்த பின்னும் சேர்ஜ் புரொடெக்டர் காக்குமா?

கேள்வி: 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் மின்வெட்டு இருந்தபோது, சேர்ஜ் புரொடெக்டர் உள்ள மல்டிபிளக் ஒன்றை வாங்கினோம். அதன் பின்னர் எத்தனையோ தடவைகள் மின்சாரம் போய்வந்துவிட்டது. அதன் சிவப்பு விளக்கு இன்றும் எரிகிறது. ஆனாலும் சென்ற மாதம் மின்சாரம் திரும்பிவந்த கையோடு ரவுட்டர் பழுதாகிவிட்டது. புரொடெக்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மின்சாரம் நின்றுபோவதால் புரொடெக்டர் தேய்வதில்லை. மின்சாரம் திரும்பும் கணத்திலும், அருகில் மின்னல் விழும்போதும் கம்பி வழியே பாய்ந்துவரும் நொடிப்பொழுது உயரழுத்தமே அதைத் தேய்க்கிறது. அதனுள்ளே நாக ஒட்சைட்டினால் செய்த, நாணயம் போன்ற ஒரு சிறு வில்லை இருக்கும். வேரிஸ்டர் எனப்படும் அது சாதாரண வேளையில் மின்னைக் கடத்தாது. அழுத்தம் எல்லை மீறும்போது மட்டும் வழிதிறந்து, மிகுதியைத் தன்வழியே கடத்திவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளும். அப்படித் தாங்கும் ஒவ்வொரு அடியும் அந்த வில்லையைச் சிறிது சிதைக்கிறது. சிறிய அடிகள் பலவற்றை அது தாங்கலாம். பெரிய அடி ஒன்றே அதை முடித்தும்விடலாம். மிச்சமுள்ள வலுவை வீட்டிலுள்ள மீற்றரால் அளக்க முடியாது.

சிவப்பு விளக்கை நம்பவேண்டாம். பெரும்பாலான மல்டிபிளக்குகளில் சுவிட்சினுள் எரியும் விளக்கு, மின்சாரம் வந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். காப்பு இருக்கிறதா என்பதைக் காட்டத் தனியாக ஒரு பச்சை விளக்கு சில தயாரிப்புகளில் உண்டு. அது அணைந்த பின்னும் அவற்றுட் பலவற்றில் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், வீட்டார் ஒன்றும் அறியாமலே காப்பின்றி இருப்பார்கள்.

ஆயினும் உங்கள் ரவுட்டர் பழுதானதற்குப் புரொடெக்டரை மாத்திரம் குற்றஞ்சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 230 வோல்ற் மின்சாரத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ற். நமது மின்னழுத்தத்துக்கென விற்கப்படும் வேரிஸ்டர்களில் பரவலாகக் காணப்படுவது 275 வோல்ற் வகை; அது கடத்தத் தொடங்குவது 430 வோல்ற் அளவிலேயே. ஆகவே மின்சாரம் திரும்பிவந்து அரைமணி நேரம் 290 வோல்ற்றில் நின்றாலும், உச்சம் 410 வோல்ற்றைத் தாண்டாது என்பதால், புரொடெக்டர் அதைத் தடுக்காமல் அப்படியே உள்ளே விட்டுவிடும். காற்றுக்கு மரக்கிளை விழுந்து நொதுமல் (நியூட்ரல்) கம்பி அறுந்தால் நிலைமை இன்னும் மோசம்: சில வீடுகளுக்கு 350 வோல்ற்றுக்கு மேலும் ஏறக்கூடும். அப்போது வில்லை ஓயாமல் கடத்திச் சூடாகிக் கருகும். மலிவான பெட்டியாக இருந்தால் தீயும் பிடிக்கலாம். நொடிப்பொழுது அடிக்கு மட்டுமே சேர்ஜ் புரொடெக்டர். நீடித்து நிற்கும் கூடிய, குறைந்த அழுத்தங்களுக்கு, அளவு தப்பினால் இணைப்பையே துண்டிக்கும் வோல்ற்றேஜ் காட் தேவை. கடைகளில் இவ்விரண்டையும் ஒன்றெனச் சொல்லி விற்பதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புவிக்கம்பியையும் கவனியுங்கள். உயிர்க்கம்பிக்கும் நொதுமல் கம்பிக்கும் இடையிலான காப்புக்குப் புவித்தொடுப்பு வேண்டியதில்லை. மற்ற வழிகளில் வரும் மிகுமின்னை இறக்கிவிட அது அவசியம். நம் கரையோர மணல் கோடையில் மேற்பரப்பில் வறண்டு மின்னை நன்றாகக் கடத்தாது. புவிக்கம்பி இணைந்திருக்கும், நிலத்தில் அடித்த உலோகக் கோல் ஈரமுள்ள ஆழம்வரை இறங்கியிருக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருக்கும் நமக்கு உப்புக்காற்றும் ஒரு பகை: கோலையும் கம்பியையும் பிணைக்கும் கவ்வி துருப்பிடித்து, பார்வைக்கு இணைந்திருந்தும் உண்மையில் விடுபட்டிருக்கும். மாரி தொடங்குமுன் வயரிங் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைச் சோதிப்பியுங்கள். ரவுட்டருக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் அடி வரலாம். மின் புரொடெக்டர் அந்த வழியைக் காப்பதில்லை.

2022இல் வாங்கியதை இனி மாற்றிவிடுங்கள். அதைச் சாதாரண மல்டிபிளக்காக வேறோர் அறையில் பாவிக்கவும் வேண்டாம். நலிந்த வில்லை, ஒன்றும் செருகாதபோதும் மெல்லச் சூடாகிக்கொண்டிருக்கக்கூடும். புதியதை வாங்கும்போது ஜூல் அளவு (அடியைத் தாங்கும் ஆற்றலின் அளவு) கூடியதையும், காப்பைக் காட்டும் தனி விளக்கு உள்ளதையும் தேர்ந்தெடுங்கள். இடிமுழக்கம் கேட்டால் எந்தப் புரொடெக்டரையும் நம்பியிராமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே இடி தலைக்குமேல் வந்துவிட்டதென்றால், அந்நேரத்தில் அதைத் தொடவும் வேண்டாம்.

கேள்வி: பிரிட்ஜையும் அதே புரொடெக்டரில் செருகலாமா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். பிரிட்ஜின் கொம்பிரசர் ஓடத் தொடங்கும்போது வழமையைவிடப் பன்மடங்கு மின்னை இழுக்கும். அதைச் சுவர்ச் சொக்கெற்றில் நேரடியாகவே செருகவேண்டும். அத்தோடு, நின்ற கொம்பிரசரினுள் வாயுவின் அழுத்தம் சமப்படுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். மின்சாரம் போய் உடனே வந்து, மறுபடியும் போய்வரும் வேளைகளில் அது பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் பொறுத்து இணைக்கும் வோல்ற்றேஜ் காட் ஒன்றைப் பிரிட்ஜுக்கெனத் தனியாகப் பொருத்துங்கள். அது வாங்கும்வரை, மின்சாரம் போனவுடன் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து ஐந்து நிமிடம் சென்ற பின்னர் போடுங்கள்.