கேரியரில் இருந்து விழுந்த பைப்: இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்

பொள்ளாச்சியில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிளம்பிங் வேலைக்கு ஓடும் அவருடைய பிக்கப் வண்டியின் கேபின் மேல் பட்டறையில் பொருத்திய கேரியர், போல்ட் கழன்று சரிந்ததில் பி.வி.சி. பைப்புகள் ரோட்டில் விழுந்து, பின்னால் வந்த பைக்காரருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. இழப்பீடு கேட்டு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) வழக்கு வந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியிருக்கிறீர்கள், நாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் போட்டுவிட்டது.

பட்டறைக்காரர் ஏமாற்றினார், போலீஸ் மரியாதை இல்லாமல் பேசினார்கள், ஏஜென்ட் போனை எடுப்பதில்லை என்று நீளமாக எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் அதில் எதுவும் இந்த வழக்கில் உதவாது. பட்டறைக்காரரை அப்புறம் பார்க்கலாம். தீர்ப்பாயம் சொல்லப்போகும் தொகை யார் பாக்கெட்டில் இருந்து போகும் என்பது மட்டும்தான் இப்போது கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுப்பது வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் வேலையை. போல்ட் போட்டுக் கழற்றும் கேரியர் அதில் வருமா என்பதே வாதத்துக்குரியது. வந்தாலும் 182ஏ பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது வேறு வழக்கு. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் தராமல் கம்பெனி விலக வேண்டுமென்றால் 150-வது பிரிவில் உள்ள காரணம் ஒன்று வேண்டும்: லைசென்ஸ் இல்லாத டிரைவர், குடிபோதை, பெர்மிட்டுக்கு மாறான பயன்பாடு, முக்கிய விவரத்தை மறைத்து வாங்கிய பாலிசி, இந்த மாதிரி. கேரியர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் 'மறைத்துவிட்டார்' என்ற வழியில்தான் நுழையப் பார்ப்பார்கள். நடப்பு பாலிசி தொடங்கிய பிறகு கேரியர் போட்டிருந்தால் அந்த வாதம் நிற்காது. பட்டறை பில்லைத் தேடி எடுங்கள்.

ஆனால் இதை உங்களுக்காகத் தீர்ப்பாயத்தில் யாராவது சொல்ல வேண்டுமே. என்னிடம் வருகிறவர்கள் விழும் குழி இதுதான். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சம்மனை மேஜையில் போட்டுவிடுகிறார்கள், அவர்கள் வராமலே வழக்கு நடந்து எக்ஸ்பார்ட்டி ஆகிறது, கம்பெனி வக்கீல் சொல்வதை மறுக்க ஆளில்லை, கடைசியில் கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவு வந்துவிடுகிறது. அது தெரியாமலே நாள் ஓடி, வண்டிக்கும் வீட்டுக்கும் ஜப்தி நோட்டீஸ் வரும்போதுதான் ஓடி வருகிறார்கள். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிவது ரொம்பக் குறைவு.

விபத்துக்காகப் போலீஸ் போடும் குற்ற வழக்கிலும் கவனம் தேவை. அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் வக்கீலைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒப்புதலை அப்படியே தீர்ப்பாயத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துக் கையில் பணம் கொடுப்பதும் மனிதாபிமானம்தான், ஆனால் ரசீதும் பதிவும் இல்லாத பணம் கணக்கில் வராது.

சமாதானமாகப் போய்விடுங்கள் என்பதுதான் என் யோசனை. கவுண்டர், அதாவது எழுத்துப்பூர்வமான பதில்மனு, தாக்கல் செய்துவிட்டு, மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி மனு போடுங்கள். மூன்று தரப்பும் உட்காரும்போது உங்கள் பங்காக ஒரு தொகை கேட்டால் தாங்கக்கூடிய அளவுக்கு ஒப்புக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மீதித் தொகையை உங்களிடம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி கைவிடுகிறது என்ற வரி, மூன்று தரப்பும் சேர்ந்து எழுதும் சமாதானப் பத்திரமான கூட்டு மெமோவில் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.