தொடாத பந்துக்குப் பிழை இல்லை

கேள்வி: விழுந்து புரண்டு பந்து பிடிப்பவர் பேஸ்பால் ஆட்டக்காரர். வெளியே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர், “உன் பீல்டிங் மோசம்” என்றால் எரிச்சல் வராதா? நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெரக் ஜீட்டர் அதை உதறித் தள்ளியதில் என்ன தவறு?
- நியூ ஜெர்ஸி வாசகர்

பதில்: எரிச்சல் வரட்டும். காதைப் பொத்திக்கொண்டதுதான் தவறு.

2008-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஷார்ட்ஸ்டாப்களில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் பீல்டர்களில்) ஜீட்டர் கடைசி வரிசை என்றார்கள். அப்போது அவரிடம் சிறந்த பீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருதுகள் மூன்று இருந்தன. கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும் என்றார் அவர். எல்லா ஷார்ட்ஸ்டாப்பும் ஒரே இடத்தில் நிற்பதில்லையே என்றும் கேட்டார். இந்த இரண்டாவது பேச்சில் நியாயம் உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் அவர் ஆட்டத்தைப் பாருங்கள். வலது பக்கம் ஓடி, பந்தை அள்ளி, எகிறிக் குதித்து அந்தரத்திலிருந்து எறிவார். அரங்கம் எழுந்து நிற்கும். இடது பக்கம், இரண்டாம் பேஸை ஒட்டி உருண்டு போகும் பந்தோ அவர் கைக்கு எட்டாமல் பின்னால் இருக்கும் நடு மைதானத்துக்கு, அதாவது சென்டர் பீல்டுக்கு, போய்விடும். எட்டாத பந்துக்கு பீல்டர் பெயரில் ‘பிழை’ எழுதுவதில்லை. அது அடித்தவருக்கு ‘ஹிட்’ என்று பதிவாகி, பழி பந்து வீசியவர் தலையில் விழும். ஜீட்டர் ஏடு சுத்தமாகவே இருக்கும். ஆய்வாளர்கள் எண்ணியது அந்த எட்டாத பந்துகளைத்தான். நம் கண் அதை எண்ணாது.

விருது கொடுக்கிறவர்கள் கண்ணும்தான். 1999-ல் முதல் பேஸில் பீல்டராக வெறும் 28 ஆட்டம் ஆடிய ரஃபேல் பல்மெய்ரோவுக்குப் பயிற்சியாளர்கள் ஓட்டுப் போட்டு கோல்டு குளோவ் கொடுத்தார்கள். 2013 முதல் அந்தத் தேர்வில் கால் பங்கு புள்ளிவிவரத்துக்கு என்று வைத்ததை நான் மனமார வரவேற்கிறேன்.

இப்போது ஆட்டக்காரர் பக்கம்; எங்கே நிற்கிறோம் என்று ஜீட்டர் கேட்டாரே, அந்த நியாயம். 2016-ல் பிட்ஸ்பர்க் அணி தன் அவுட்பீல்டர்களை (மைதானத்தின் பின்பகுதியில் நிற்பவர்களை) முன்னே தள்ளி நிறுத்தியது. சென்டர் பீல்டில் நின்ற ஆண்ட்ரூ மெக்கட்சன் தலைக்கு மேலே பந்துகள் பறந்தன. உத்தரவு அணியுடையது, மைனஸ் 28 ரன் (சராசரி பீல்டரைவிட 28 ரன் கூடுதலாக விட்டார் என்ற கணக்கு) அவர் பெயரில். மறு வருடம் சென்டர் பீல்டையே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இங்கே அவர் கொதித்திருந்தால் நான் அவர் கட்சி.

ஆனால் அதே 2016-ல் சிகாகோ கப்ஸ் அணியின் சென்டர் பீல்டர் டெக்ஸ்டர் ஃபௌலரிடமும் எண்களைக் காட்டினார்கள். நீ முன்னால் நிற்கிறாய், பின்னே போ என்றார்கள். அவர் பதினைந்து அடிக்கு மேல் பின்னே போய் நின்றார். வருடக்கணக்காக மைனஸில் கிடந்த அவர் மதிப்பீடு அந்த சீசனில் பிளஸுக்கு வந்தது.