பழைய பிளாஸ்டிக்கைக் கார் உதிரிபாகமாக்கும் ஆய்வில் பிஎச்.டி. செய்யலாமா?

கேட்டவர் வேலூரில் எம்.டெக். முடித்திருக்கிறார். இந்தத் துறையில் சரக்கு இருக்கிறதா, வேலை கிடைக்குமா என்கிறார். நானும் இதே ஊரில் இதே துறையில் ஆய்வு மாணவன்தான்.

தாராளமாகச் செய்யுங்கள். தலைப்பை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பழைய பிளாஸ்டிக்கில் தேங்காய் நாரையோ நானோ களிமண்ணையோ கலந்து, இழுவிசை வலிமை கூடிவிட்டது என்று முடிக்கும் ஆய்வேடுகள் ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கின்றன. கார் கம்பெனிக்காரர் கேட்பது வேறு: போன மாதம் கொடுத்த அதே சரக்கை இந்த மாதமும் தருவீர்களா?

அதுதான் முடியவில்லை. ஏன் என்று பார்க்கக் காட்பாடிப் பக்கம் ஏதாவது ஒரு காயலான் கடையில் அரை நாள் உட்காருங்கள். கடைக்காரர் துண்டைச் சுண்டிப் பார்ப்பார், ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். மெழுகுவத்தி வாசனை வந்தால் ஒரு குவியல். கரும்புகையோடு கரித்துகள் பறந்தால் இன்னொன்று. தொட்டித் தண்ணீரில் போட்டால் பி.வி.சி. மூழ்கிவிடும். ஆனால் பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டுமே மிதக்கும். சேர்த்து உருக்கினாலோ ஒன்றோடொன்று கலக்காது. பம்பர், டேஷ்போர்டு, பேட்டரிப் பெட்டி என்று காரில் அதிகம் இருப்பது பாலிப்ரோப்பிலீன்தான். அதிலேயே டால்க் பொடி நிறையக் கலந்த துண்டு மூழ்கிவிடும். போதாததற்குக் கார் பிளாஸ்டிக் பெரும்பாலும் கறுப்பு. அகச்சிவப்புக் கதிரை வைத்து இனம் பிரிக்கும் இயந்திரங்கள் பல கறுப்பில் தோற்றுவிடும், கறுப்பு நிறத்துக்காகச் சேர்த்த கரித்தூள் கதிரை விழுங்கிவிடுவதால். கடைசியில் கடைக்காரரின் மூக்கை நம்ப வேண்டியதாகிறது.

ஆய்வகத்தில் உருகு ஓட்டக் குறியீடு பார்ப்போம்: 230 டிகிரியில், 2.16 கிலோ எடை அழுத்தும்போது, சிறு துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்பது. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பாலிப்ரோப்பிலீனின் மூலக்கூறுச் சங்கிலி அறுபட்டு இந்த எண் ஏறும். மூட்டைக்கு மூட்டை எண் மாறினால் அச்சில் வார்ப்பவர் நம்மைச் சபிப்பார். பம்பரின் பெயின்ட் இன்னொரு தொல்லை. அது உருகாது, துகளாக உள்ளே தங்கி, அடி விழும்போது விரிசலுக்கு வழி விடும்.

இவற்றையெல்லாம் தாண்டினாலும் வாசனைச் சோதனை இருக்கிறது. இதற்கு ஜெர்மன் வாகனத் தொழில் சங்கத்தின் வி.டி.ஏ. 270 முறை உண்டு. மாதிரியை மூடிய கண்ணாடி ஜாடியில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, 60 டிகிரிக்கு ஆறவிட்டு, குறைந்தது மூன்று பேர் முகர்ந்து 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார்கள். 6 என்றால் சகிக்க முடியாது. பழைய பிளாஸ்டிக்கோடு வரும் ஷாம்பு டப்பாவின் வாசனை கழுவினாலும் முழுதாகப் போகாது. மே மாத வேலூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

வேலையைப் பற்றி நான் பயப்பட மாட்டேன். 2023 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் வைத்த சட்ட வரைவு, புதிய கார்களின் பிளாஸ்டிக்கில் 25 சதவீதம் மறுசுழற்சி செய்ததாக இருக்க வேண்டும், அதிலும் கால் பங்கு பழைய வண்டிகளிலிருந்தே வர வேண்டும் என்றது. அந்த எண்களில் பிறகு பேரம் நடந்தாலும், போகும் திசை தெரிந்துவிட்டது. கார் தொழிற்சாலைகள் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் நமக்குத் தொலைவில்லை.

பணம்? 2023 முதல் மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் கல்லூரி தரும் தொகையை மட்டும் நம்பினால் கையைக் கடிக்கும். நெட் அல்லது கேட் தேர்வு எழுதிவிட்டு வாருங்கள். வழிகாட்டியிடம் சேரும் முன், அவருடைய ஆய்வகத்தில் பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் இயந்திரம் இருக்கிறதா, இல்லையென்றால் வெளியே கொடுத்துச் செய்யக் காசு யார் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.