சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு தாய்

கேள்வி: எனக்கு வயது 33. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு, திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றேன். குழுவில் இப்போது என்னையும் சேர்த்து 11 பேர். வாரத்தில் ஐந்து நாள் வேலை. தினமும் காலையில் நடக்கும் 15 நிமிடக் கூட்டத்தில் எல்லோரும் 'முடிந்துவிடும்' என்கிறார்கள். வியாழக்கிழமை இரவு வெளியீட்டின்போதுதான் பாதி வேலை முடியவில்லை என்பது தெரிகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் என்னைத் திட்டுகிறார். நான்கு மாதத்தில் இருவர் விலகிவிட்டார்கள். நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. எதையும் முறைப்படி ஆவணப்படுத்துகிறேன். டெஸ்டிங்கில் இருக்கும் மூத்தவர் ஒருவர், தன் தாய்க்குச் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மாலையில் டயாலிசிஸ் என்று லிஃப்டில் சொன்னதைக்கூட, திட்டத்துக்கு வரக்கூடிய சிக்கல்களை எழுதிவைக்கும் இடர்ப் பதிவேட்டில் அன்றே சிவப்பில் குறித்து, குழு முழுவதும் பார்க்கும்படி வைத்தேன். இப்போது அவரும் ஒத்துழைப்பதில்லை. மனிதர்களோடு பழகும் திறன் எனக்குக் குறைவு என்கிறார் மேலதிகாரி. வீட்டிலும் நான் அதிகம் பேசுகிறவனல்ல. ஊரில் இருக்கும் அம்மாவிடம் மனைவிதான் பேசுவாள். தி.நகரில் ஆறு வார ஆளுமை வளர்ச்சி வகுப்பு ஒன்று இருக்கிறது. சேரலாமா?
— பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்.

பதில்: சேர வேண்டாம், தம்பி. அந்தக் கட்டணத்தை வீட்டில் கொடுங்கள், மளிகைக்கு ஆகும்.

குரலை உயர்த்தியதில்லை என்பதை ஒரு நற்சான்றிதழ் போல எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்தைப் பற்றி எனக்கு எழுதுகிற மேலாளர்களில் பாதிப் பேர் இந்த வரியை எழுதாமல் விடுவதில்லை. காலையில் கத்திவிட்டு, பத்து மணிக்குத் தானே டீ வாங்கிக் கொடுக்கிற முதலாளியிடம் இருபது வருடம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். மெல்லிய குரலில் பேசுகிறவரிடம் நாலு மாதம் தாங்காமல் ஓடியவர்களையும் தெரியும். குரல் ஒரு பொருட்டே இல்லை.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் லிஃப்ட்.

ஒரு மனிதர் தன் தாயின் சிறுநீரகம் கெட்டுப்போன செய்தியை உங்களிடம் சொல்ல இடம் தேடியிருக்கிறார். கூட்டத்தில் சொல்ல வாய் வரவில்லை, மின்னஞ்சலில் எழுத மனம் வரவில்லை. லிஃப்டில் அகப்பட்ட சில நொடிகளில் சொல்லியிருக்கிறார். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன், இல்லை. 'சொன்னதைக்கூட' என்கிறீர்கள், கையோடு 'குறித்து' என்கிறீர்கள். நடுவில் "அம்மா எப்படி இருக்கிறார்?" என்ற மூன்று சொல்லுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

அந்தப் பதிவேட்டை மனக்கண்ணில் விரித்துப் பார்த்தேன். ஒரு வரியில், சர்வர் நின்றுபோகலாம். அடுத்த வரியில், வாடிக்கையாளர் தேவையை மாற்றலாம். அதற்கடுத்த வரியில், சிவப்புக் கட்டத்துக்குள், ஒருவரைப் பெற்றவள். இதை மற்றவர்கள் அத்தனை பேரும் திறந்து பார்த்திருக்கிறார்கள். அவர் காதோடு சொன்னதை நீங்கள் தண்டோரா போட்டிருக்கிறீர்கள். அதையும் ஒழுங்கின் பெயரால், நல்ல பிள்ளையாக.

காலைக் கூட்டத்தில் எல்லோரும் 'முடிந்துவிடும்' என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் தெரியுமா? உங்களிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொன்னால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். அது சிவப்பாகும், ஊருக்குத் தெரியும், வேறு எதுவும் நடக்காது. பிறகு யார் சொல்வார்கள்? நானாக இருந்தாலும் 'முடிந்துவிடும்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

பதிவேட்டை நான் குறை சொல்லவில்லை. என் அண்ணன் மகன் நீங்கள் எழுதிய இதே பி.எம்.பி. தேர்வுக்கு 35 மணி நேரம் வகுப்புக்குப் போனான். அவன் கூடத்தில் போட்டுவிட்டுப் போன புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். ஓர் இடரை எழுதினால், அதற்குப் பொறுப்பாளர் யார், வந்தால் என்ன செய்வோம் என்ற கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்றுதான் அவற்றில் இருக்கிறது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் 'மனிதர்கள்' என்ற பகுதிக்கே 42 விழுக்காடு. நீங்கள் அதில் தேறியவர். ஆகவே தெரியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சரி, அந்த இரண்டு கட்டங்களில் என்ன எழுதினீர்கள்? ஒன்றும் எழுதியிருக்கமாட்டீர்கள். எழுத உட்கார்ந்திருந்தால் வியாழக்கிழமை உங்கள் கண்ணில் பட்டிருக்கும். செவ்வாய், வியாழன், சனி என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறை. ஆக, அவர் இல்லாமல் போவது வாரத்தில் இரண்டே மாலைகள். அந்த இரண்டில் ஒன்றின் மேல்தான் உங்கள் வெளியீடு ஏறி உட்கார்ந்திருக்கிறது! டயாலிசிஸ் மையங்களில் ஒரு சாராருக்குத் திங்கள், புதன், வெள்ளி; இன்னொரு சாராருக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஒரு முறைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். முடிந்து எழுந்தால் சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். பிறகு நினைத்த நாளில் வேறு படுக்கை கிடைக்காது. அந்த நாள் நகராது. உங்கள் வெளியீட்டை ஏன் புதன்கிழமைக்கு நகர்த்தக் கூடாது? வாடிக்கையாளரிடம் ஒரு முறையாவது கேட்டீர்களா? வியாழன்தான் வேண்டும் என்று அவர் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

மனிதர்களோடு பழகும் திறன் என்றால் சிரித்த முகம், கை குலுக்கல், தோளில் தட்டல் என்று அந்த வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். எதிரே இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கி, காலண்டரில் ஒரு நாளை மாற்றுகிறதற்குப் பெயர்தான் அது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் இதே தப்பைச் செய்தவள். 1994. நகரத்தில் ஓர் அச்சகத்தில் பொறுப்பில் இருந்தேன். தீபாவளி மலர் வேலை. தீபாவளியைத் தள்ளிவைக்க முடியாது, பாருங்கள்; அதைவிடக் கறாரான கெடு எந்த வாடிக்கையாளரிடமும் கிடையாது. பைண்டிங்கில் மூத்தவர் ஒருவர், மகளுக்குப் பிரசவ வலி என்று பாதி நாளில் கிளம்பினார். நான் அரை நாள் சம்பளத்தைப் பிடித்தேன். விதிப்படிதான் பிடித்தேன். அவர் "சரி அம்மா" என்றார், அவ்வளவுதான். என்ன குழந்தை என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கட்டி முடித்த பிரதிகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினால், 16-ஆம் பக்கத்துக்கு அடுத்து 33-ஆம் பக்கம் வருகிறது. ஃபாரத்தை, அதாவது பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்து மடித்த தாள்களை, மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். 400 பிரதிகள். அவருக்கு அது முதல் ஐம்பதிலேயே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே அம்மா" என்றார், பசைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. அவர் செய்தது சரி என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவரை அப்படி ஆக்கியது யார் என்பது எனக்குத் தெரியும். பேத்தி என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "வீட்டுக் கஷ்டத்தை அலுவலகத்துக்கு எதற்குக் கொண்டுவர வேண்டும்?" இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. கஷ்டத்தைக் கழற்றி மாட்ட வாசலில் ஆணி அடித்திருக்கிறதா? பெற்றவளை வாரம் மூன்று நாள் மையத்துக்குக் கூட்டிப் போகிற மகன் நம்பத் தகுந்தவன் என்பது என் கட்சி. உங்கள் வேலையையும் அவன் நட்டாற்றில் விட்டுப் போகமாட்டான். அதற்காக அவருக்குச் சலுகை காட்டச் சொல்லவில்லை. அந்த இரண்டு மாலைகளில் அவர் வேலையை யார் பார்ப்பது, பதிலுக்கு அவர் எந்தக் காலையில் எதை எடுத்துக்கொள்வது என்று அவரையே வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். காலியாக இருக்கிற பொறுப்பாளர் கட்டத்தில் ஒரு பெயர் வரட்டும். செய்கிறேன் என்று சொன்னதை அவர் செய்யாவிட்டால் அப்போது கேளுங்கள், உரிமையோடு கேட்கலாம்.

இன்னொரு கணக்கும் உங்கள் பாடத்தில் உண்டு. 11 பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 55 வழிகள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிந்தது ஒருவழிப் பாதை, உங்களிடமிருந்து அவர்களுக்கு. மற்ற வழிகளில் அவர்கள் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். விலகிய இருவரும் எதற்காகப் போனார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

வாடிக்கையாளர் திட்டுவதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வியாழன் இரவு தெரிகிற செய்தி திங்களன்றே தெரிந்தால் நீங்களே முந்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிடுவீர்கள். முன்கூட்டிச் சொன்னால் திட்டு பாதியாகும்.

இன்றே செய்ய வேண்டியது, அந்தச் சிவப்பு வரியை எடுப்பது. சத்தமில்லாமல் எடுத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல உட்காராதீர்கள். அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு அல்ல, அவர் டீ குடிக்கிற இடத்துக்கு நீங்கள் போய். "உங்கள் அம்மா விஷயத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதியது தப்பு, மன்னித்துவிடுங்கள்." இவ்வளவு போதும். 'நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்' என்ற வாலை ஒட்டாதீர்கள். பிறகு அம்மா எப்படி இருக்கிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் முதல் நாளே மனம் விட்டுப் பேசமாட்டார். "பரவாயில்லை சார்" என்பார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் வெளியீட்டுக் கிழமை மாறிய செய்தியோடு மறுநாள் மறுபடி போங்கள்.

காலைக் கூட்டத்தில் 'முடிந்துவிடுமா?' என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. எது தடுக்கிறது, யாரிடமிருந்து என்ன வர வேண்டும் என்று கேளுங்கள். சில நாள் யாரும் பேசமாட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் துணிந்து ஒருவர் "என்னுடையது முடியாது" என்பார், அனேகமாகக் குழுவில் இளையவராக இருப்பார். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்காக ஒரு காரியம் செய்துவிடுங்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், ஊரில் இருக்கும் அம்மாவிடம் இன்று இரவு நீங்கள் பேசுங்கள். மனைவிக்கு அவர் மாமியார், உங்களுக்குத்தான் அம்மா. பேசத் தெரியாது என்று எனக்கு எழுதாதீர்கள், கடிதம் நன்றாகவே எழுதுகிறீர்கள்.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை அருகில் இருக்கும். டெஸ்டிங்கில் இருக்கும் அந்த மூத்தவர் டயாலிசிஸ் மையத்துக்கு வெளியே பெஞ்சில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். "நான் வரட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வாருங்கள் என்றால் லேப்டாப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறோமே என்று வாழைப்பழமும் ஆரஞ்சும் இளநீரும் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். பொட்டாசியம் ஏறிவிடும் என்று டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அவற்றை விலக்கியிருப்பார்கள். என்ன வாங்கி வரலாம் என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.