மூணு மாசத்துல நின்னுடுறாங்க, என்ன பண்ணலாம்?

கேள்வி: நண்டு, கணவாய் கிளீன் பண்ணி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்புற யூனிட் வச்சிருக்கேன். 70 பேர் இருக்காங்க, முக்காவாசி பொம்பளைங்க. புதுசா வர்ற பிள்ளைக மூணு மாசத்துல நின்னுடுதுக. பழகுன ஆள் ஒருத்தர் புது ஆளுக்குத் துணையா இருந்து சொல்லிக்குடுக்குற மென்ட்டரிங் புரோகிராம் ஒண்ணு வைங்கன்னு ஆடிட்டர் சொல்றாரு. சூப்பர்வைசர்கிட்டயே அதையும் குடுத்துடலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: சூப்பர்வைசர்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க அண்ணே. லீவு குடுக்குறது, கிலோ எழுதுறது, திட்டுறது எல்லாம் அவர் கையில இருக்கு, நண்டோட நீச்சல் கால் பக்கத்துல இருக்குற பெரிய சதை உடையாம எடுக்க எனக்கு இன்னும் வரலன்னு அவர்கிட்டயே போய் எந்தப் பிள்ளை சொல்லும்? அது உடைஞ்சா பெரிய முழுத் துண்டுக்குக் குடுக்குற ஜம்போ கிரேடு போச்சு, ரேட்டு போச்சுன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருக்கும், ஒருநாள் வராது. பழகுன அக்கா ஒருத்தர் பக்கத்துல இருந்து கத்தி பிடிக்கிற விதத்தைக் காட்டுனா அந்தப் பயம் போயிடும்.

முதல்ல கூலியைப் பாருங்க, நிறைய இடத்துல இதுலதான் எல்லாம் கெட்டுப்போகுது. கிலோ கணக்குல கூலின்னா, கத்துக்குடுக்குற அக்காவுக்கு அந்த ஒரு மணி நேரம் எடுக்குற சதை குறையும், சாயங்காலம் கையில காசு குறையும், ரெண்டு வாரம் முகத்துக்காக செய்வாங்க அப்புறம் "போடி நீயே பாத்துக்க"ன்னு விட்டுடுவாங்க, அவங்க மேல தப்பே இல்ல. அந்த நேரத்துக்கு அவங்க வழக்கமா எடுக்குற அளவுக்குக் கூலி போட்டுடுங்க. அதுக்கு மனசு வரலன்னா புரோகிராமே வேண்டாம்.

அடுத்து ஜோடி சேக்குறது. நம்ம கரையோரத்துல வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் எங்க பாத்தாலும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், சம்பந்தம்னு இருப்பாங்க. மாமியாரோட தங்கச்சியை மென்ட்டரா போட்டா அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா? ஒரே தெரு, ஒரே குடும்பம் வேண்டாம். யாருக்கு இஷ்டமோ அவங்களை மட்டும் கேளுங்க, வேலையில கெட்டிக்காரியா இருந்தா மட்டும் போதாது, பொறுமை வேணும். ஒத்து வரலன்னா கேள்வி கேக்காம ஜோடியை மாத்திக்கலாம்னு முதல்நாளே சொல்லிடுங்க. ஒரு மென்ட்டருக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினா ரெண்டு பேர், ஆறு மாசம், வாரத்துக்கு ஒருதரம் உக்காந்து பேச நேரம், அதுவும் வேலை நேரத்துக்குள்ளயே. எடுத்ததும் 70 பேருக்கும் வேண்டாம், நாலஞ்சு ஜோடி போதும்.

அமெரிக்காவுல கேத்தி கிராம்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1980கள்லயே மென்ட்டர் பண்றதை ரெண்டா பிரிச்சு சொன்னாங்க, தொழில்ல மேல வர கைகுடுக்குறது ஒண்ணு, மனசுக்குத் தெம்பா இருக்குறது இன்னொண்ணு. உங்க யூனிட்ல ரெண்டாவதுதான் இல்லாம இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

பேசுறது ரெண்டு பேருக்குள்ள இருக்கணும், நீங்க போய் "என்ன சொன்னா?"ன்னு கேக்கக்கூடாது. ஆனா யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு ஒரு பிள்ளை சொன்னா அதை மென்ட்டரே பேசி முடிக்கவும் கூடாது. 10 பேர் வேலை பாக்குற இடத்துலயே உள்ளகப் புகார் குழு இருக்கணும்னு வேலை இடத்துல பொம்பளைங்களுக்கு நடக்குற பாலியல் தொல்லையைத் தடுக்குற 2013 சட்டம் சொல்லுது, அங்க கொண்டுபோகணும்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு நண்டு வந்தாலும் விசைப்படகு ஓடாததால வேலை தொய்வாத்தான் இருக்கும், மென்ட்டர் அக்காமாருக்குப் பயிற்சி குடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கேள்வி: எனக்கு 23 வயசு. ஆபீஸ்ல 50 வயசு மேனேஜருக்கு கம்ப்யூட்டர் பில்லிங் சொல்லிக்குடுன்னு முதலாளி சொல்லிட்டாரு. கூச்சமா இருக்கு.
- வாசகி, கீழக்கரை

பதில்: கூச்சமே வேண்டாம்மா. 1999லயே அமெரிக்காவோட ஜி.இ. கம்பெனியில தலைவரா இருந்த ஜாக் வெல்ச் பெரிய அதிகாரிங்களை சின்ன வயசுக்காரங்ககிட்ட இன்டர்நெட் கத்துக்கச் சொன்னாரு. நாலு பேர் முன்னாடி மட்டும் சொல்லிக்குடுக்காதீங்க, மவுஸை அவர் கையிலயே விடுங்க. பதிலுக்கு பழைய கணக்கு நோட்டு, பார்ட்டிகளோட பேசுற விதம் எல்லாம் அவர்கிட்ட கேளுங்க, ரெண்டு பேருக்கும் சரிசமமா போயிடும்.