ரிப்போட் எல்லாம் சரி, வயிறு மட்டும் ஏன் சரியில்லை?

கேள்வி: வயது 34, களுவாஞ்சிக்குடிப் பக்கம். போன மாரி வெள்ளத்தோடு காய்ச்சலும் ஐந்து நாள் வயிற்றோட்டமும் வந்து நின்றது. அன்றிலிருந்து சாப்பிட்டு எழும்பினால் வயிறு முறுக்குகிறது. நாளுக்கு மூன்று நான்கு தரம் போக வேண்டும், போனால்தான் நோ குறையும். இரத்தம், மலம், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் ஸ்கோப் எல்லாம் சரியாம். ஐபிஎஸ் (IBS, எரிச்சல்படும் குடல் நோய்) என்றார்கள். மாமி “எல்லாம் மனசுதான்” என்கிறார். முகநூலில் ஒருவர் “குடல் ஓட்டை, எதிர்ப்புச் சக்தி குறைவு” என்று பவுடர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் குடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சக்தி இன்னும் அடங்கவில்லை என்பதுதான் என் கணிப்பு.

செரிக்காத உணவையும் கிருமியையும் உடலுக்குள் விடாமல் தடுப்பது குடலின் உள்ளே இருக்கும் ஒரே ஒரு அடுக்குச் செல்கள். நாலைந்து நாளில் அவை புதிதாகிவிடும். செல்லுக்குச் செல் புரதப் பூட்டுகள் உண்டு. ஐபிஎஸ் உள்ள சிலரிடம், முக்கியமாகக் கிருமித் தொற்றுக்குப் பின் நோய் தொடங்கியவர்களிடம், இந்தப் பூட்டுகள் சற்றுத் தளர்ந்திருக்கின்றன. அதை ஓட்டை என்று சொல்ல முடியாது, ஸ்கோப்பிலும் தெரியாது.

அந்த அடுக்குக்குக் கீழே மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் காவல் இருக்கின்றன. கள்ளன் ஒருநாள் வந்து போனால் வீட்டு நாய் பிறகு ஓலை அசைந்தாலும் குரைக்குமே, அதே கதைதான். அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்ட, பக்கத்து நரம்பு சிலிர்த்து, சாதாரண அசைவும் நோவாகத் தெரிகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் 2021இல் ஐபிஎஸ் உள்ள 12 பேரின் குடற்சுவரில் கோதுமை, சோயா, பால் போன்றவற்றின் சாற்றை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்கு அந்த இடம் வீங்கியது. நோயில்லாத எட்டுப் பேரில் இருவருக்கு மட்டுமே வீங்கியது. சிறிய ஆய்வுதான், ஆனால் உங்கள் கதையோடு பொருந்துகிறது.

மாமி சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. அதே லூவன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில் நோயில்லாதவர்களைக் கூட்டத்தின் முன் பேச வைத்தார்கள். பதற்றத்தில் கோர்ட்டிசோல் என்ற பதற்ற ஹோர்மோன் ஏறியவர்களுக்குச் சிறுகுடலின் கசிவும் கூடியது. மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்தை முன்பே கொடுத்தபோது கூடவில்லை. ஆக, மனசு குடலைத் தொடுவதில் இந்தச் செல்களுக்கும் பங்குண்டு. “எல்லாம் மனசுதான்” என்று உங்களை ஒதுக்க அதில் இடமில்லை.

சரி, என்ன செய்யலாம்? நாலு கிழமைக்கு உள்ளியையும் வெங்காயத்தையும் குறைத்துச் சமையுங்கள். சொதி கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். பால்தேத்தண்ணியையும் நிறுத்திப் பாருங்கள். எங்கள் எருமைத் தயிரை விடச் சொல்ல எனக்கே மனம் வராது; உறையும்போது பாற்சர்க்கரை ஓரளவு குறைவதால் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாம். நோ குறைந்தால் நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள், எது ஆகவில்லை என்று பிடிபடும். நார்ச்சத்துள்ள இசப்கோல் உமியைச் சிறிதாகத் தொடங்குங்கள். முறுக்கலுக்கு மாத்திரை உண்டு, உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள், இன்னொரு தொற்று வரக்கூடாது. தொற்றுக்குப் பின் வரும் ஐபிஎஸ் பலருக்குக் காலப்போக்கில் தணிகிறது, ஆனால் வருடக்கணக்கிலும் ஆகலாம்.

மலத்தில் இரத்தம், நிறை குறைதல், காய்ச்சல், நித்திரையைக் கலைக்கும் வயிற்றோட்டம், இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள்.